கலைச்சொல் வேண்டல்: ‘ஆல்டர்னேட்டிவ் ராக்’ – ‘மாற்று ராக்’ போதுமா?

ஐயா, வணக்கம். ‘ஆல்டர்னேட்டிவ் ராக்’ என்ற மேற்கத்திய இசை வகைக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடலாடலில் இப்படி ஒரு கருத்து வந்தது:

> ‘மாற்று ராக்’ என்றே வைத்துவிடலாம். மாற்று மருத்துவம், மாற்று சினிமா என்று ஏற்கெனவே புழங்குகிறதே.

புழங்குகிறது, உண்மைதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் எளியதை முடித்துவிடுகிறேன். ராக்கைப் ‘பாறை’ ஆக்க வேண்டாம். அது ‘ராக் அண்ட் ரோல்’ என்ற தொடரின் பாதி. அங்கே இருப்பது கல் அல்ல, ஆட்டம். ராக் ராக்காகவே இருக்கட்டும்.

சிக்கல் ‘மாற்று’ என்பதில்தான். மாற்றுச் சாவி, மாற்றுப் பேருந்து, மாற்று ஆட்டக்காரர் என்று சொல்லும்போது அசல் வேறு எங்கோ இருக்கிறது. அது இல்லாத நேரத்துக்கு இது. இந்த இசை அப்படிப்பட்டதா? ஒரு குழுவின் முழு வாழ்க்கையை எடுத்து, சொல் கடைசி வரை தாங்குகிறதா என்று உரசிப் பார்ப்போம். எனக்கு நெருக்கமானது ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழு.

1980 ஏப்ரல் 5. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊர். வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில், தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் நால்வரும் முதல் தடவையாக மேடையேறினார்கள்: பாட்டுக்கு மைக்கேல் ஸ்டைப், கிதாருக்கு பீட்டர் பக், பேஸுக்கு மைக் மில்ஸ், டிரம்ஸுக்கு பில் பெர்ரி. பக் ரெக்கார்டு கடையில் வேலை பார்த்தவர். ஸ்டைப் அங்கே தட்டு வாங்க வந்தவர். 1981இல் ஒரு சின்ன நிறுவனம் முதல் தட்டை வெளியிட்டது. 1983இல் ‘மர்மர்’, முதல் முழு ஆல்பம். இவர்களைத் தூக்கிப் பிடித்தவை மாணவர்கள் நடத்திய கல்லூரி வானொலிகள். ‘கல்லூரி ராக்’ என்றே அப்போது பெயர்.

இந்தக் கட்டத்தை வைத்துத்தான் போன மடலில் ஒரு நண்பர் சிறுபத்திரிகையை நினைவூட்டி ‘சிற்றிசை’ என்றார். அழகான சொல். ஆனால் 1988இல் இவர்கள் வார்னர் என்ற பெரிய இசை நிறுவனத்துக்குப் போனார்கள். 1991இல் ‘அவுட் ஆஃப் டைம்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். மாண்டலின் முன்னின்று நடத்தும், ஊரே சேர்ந்து பாடும் பல்லவி இல்லாத ‘லூசிங் மை ரிலிஜன்’ நான்காம் இடம் வரை ஏறியது. இதற்கு அப்புறம் ‘சிற்றிசை’ எப்படிப் பொருந்தும்? ‘மாற்று’ மட்டும் பொருந்துமா? எதற்கு மாற்று?

மாறாமல் இருந்தது அவர்கள் வேலை செய்த விதம். யார் மெட்டுப் போட்டாலும் பாட்டு நால்வர் பெயரிலும் வரும். ஒருவர் வேண்டாம் என்றால் அந்த முடிவு நிற்காது. இவ்வளவு பெரிய வெற்றி கையில் இருந்தும் ‘அவுட் ஆஃப் டைம்’ ஆல்பத்துக்காகச் சுற்றுப்பயணம் போகவில்லை. 1992இல் ‘ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்’ என்று மெதுவான, சாவைப் பற்றி நிறையப் பேசும் ஆல்பம் செய்தார்கள், அதற்கும் போகவில்லை. 1995இல் சுவிட்சர்லாந்தின் லொசானில், மேடையிலேயே பெர்ரிக்கு மூளை இரத்தக்குழாய் வீக்கம் வெடித்தது. பிழைத்து வந்தார். 1997இல் விலகினார், அதுவும் குழு கலையாது என்று உறுதியான பிறகுதான். அந்த இடம் எனக்கு இன்னும் தொண்டையை அடைக்கும். மற்ற மூவரும் தொடர்ந்தார்கள். 15 ஆல்பங்கள் முடித்து, 2011 செப்டம்பரில், சண்டை சச்சரவு இல்லாமல் தாங்களே கலைத்துக்கொண்டார்கள்.

அதனால் என் முன்மொழிவு: ‘தன்வழி ராக்’.

—

தங்கைக்கு,

சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு தடை. ‘இண்டி’ (பெருநிறுவனம் சாராத இசை) என்பதற்கும் இதையே கேட்பார்களே? அடுத்தது, 1991 முதல் கிராமி விருதில் ‘ஆல்டர்னேட்டிவ்’ என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. மறு ஆண்டு அதை வாங்கியதே நீங்கள் சொன்ன ‘அவுட் ஆஃப் டைம்’தான். அங்கே அது கடையில் அடுக்குப் பலகைமேல் ஒட்டும் சீட்டு. தன் வழியே போகாமல் பிறர் ஓசையைப் பார்த்து வாசிக்கிற குழுவும் அதே அடுக்கில்தான் இருக்கும். அதை எப்படித் ‘தன்வழி’ என்பது?

—

ஐயா,

முதல் தடைக்கு விடை உண்டு. ‘இண்டி’ என்பது யார் காசில் தட்டு வருகிறது என்ற கேள்வி. அதற்குத் ‘தற்சார்பு இசை’ போதும். ஆர்.இ.எம். 1988இல் தற்சார்பை விட்டது, தன்வழியை விடவில்லை. இரண்டு சொல்லும் தனித்தனியே வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவதில் நீங்கள் சொல்வதுதான் சரி. விருதுக்கும் கடை அடுக்குக்கும் என் சொல் செல்லாது. அகராதியில் இப்படிப் பதியலாமா?

மாற்று ராக்: 1980களில் அமெரிக்க, பிரிட்டன் கல்லூரி வானொலி, சிறு நிறுவனங்கள் வழியே வளர்ந்து, பின்பு பெருவணிகத்திலும் இடம்பிடித்த ராக் வகை.

தன்வழி: (குழு, கலைஞர்) நிறுவனம் பெரிதானாலும் சிறிதானாலும் ஆக்க முடிவுகளைத் தாமே எடுப்பது.

முதல் பதிவில் ‘பிரிட்டன் கல்லூரி வானொலி’ என்று படிக்க இடமிருக்கிறது. அங்கே அந்த இடத்தில் பிபிசியில் ஜான் பீல் போன்றவர்களின் இரவு நிகழ்ச்சிகள் இருந்தன. ‘அமெரிக்கக் கல்லூரி வானொலி, பிரிட்டன் இரவு வானொலி’ என்று பிரித்து எழுதித் திருத்தி அனுப்புகிறேன்.