பழைய ஸ்பீக்கர், ஒரு பக்கம் ட்வீட்டர் பாடல. எது வாங்கலாம்? அவசரம்

வத்தலகுண்டு_பாலா
எல்லாருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். வூஃபர் (பாஸ் பாடற பெரிய யூனிட்) ரெண்டும் அருமையா பாடுது. ஒரு பக்கம் ட்வீட்டர் (ட்ரெபிள் பாடற சின்ன யூனிட்) மட்டும் சுத்தமா சத்தம் இல்ல. ட்வீட்டர் மாத்தணும், எது வாங்கலாம்? ஞாயித்துக்கிழமை வீட்ல விசேஷம், அதுக்குள்ள முடிக்கணும். ப்ளீஸ்.

சிந்தாதிரி
என்ன கம்பெனி, என்ன மாடல்? எத்தனை ஓம்? ட்வீட்டர் டோமா, கோனா, ஹார்னா? எந்த ஆம்ப்ல ஓட்டுறீங்க? இது எதுவுமே இல்லாம "எது வாங்கலாம்"னா என்ன சொல்றது ப்ரோ. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைல போய் நின்னாலும் கடைக்காரர் இதைத்தான் கேட்பார்.

மைக்செட்_முருகு
தம்பி, முழு ட்வீட்டர் எதுக்கு? டயாஃப்ரம் (காயிலோட சேர்ந்து அதிர்ற சவ்வு) மட்டும் மாத்துங்க. நாங்க குழாய் ஸ்பீக்கர் யூனிட்டுக்கு வருஷா வருஷம் அதைத்தான் செய்யறோம். திருவிழா சீசன் முடிஞ்சா நாலஞ்சு யூனிட் எரிஞ்சு கிடக்கும். மூடியக் கழட்டு, பழசை எடு, புதுசை உக்கார வை, பத்து நிமிஷ வேலை.

சிந்தாதிரி
முருகு அண்ணே, குழாய் யூனிட்டுக்கு டயாஃப்ரம் எந்தக் கடையிலயும் கிடைக்கும். வீட்டு ஸ்பீக்கர் டோமுக்கு அதே மாடல் டயாஃப்ரம் கிடைச்சாத்தான் உண்டு. காயில் விட்டம் அரை மில்லி மாறினாலும் காந்தத்துல அது அசையற கேப்புல உரசும்.

ஒலிநேசன்
புதியவர்களுக்காக இங்கே அடிப்படைகள் பலமுறை எழுதப்பட்டிருக்கின்றன. மாற்று ட்வீட்டர் தேர்ந்தெடுக்க நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: மின்தடை, உணர்திறன் (ஒரே சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும்), ஒத்ததிர்வு எண் (தானாக அதிரும் அதிர்வெண்), முகத்தட்டின் அளவு. கிராஸ்ஓவர் (பாஸை வூஃபருக்கும் ட்ரெபிளை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் பலகை) வெட்டும் இடம், ட்வீட்டரின் ஒத்ததிர்வைப் போல குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். உணர்திறன் 3 டெசிபல் வித்தியாசப்பட்டால் இரண்டு பெட்டியும் இரண்டு குரலில் பேசும். இவற்றில் ஒன்றுகூடத் தெரியாமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டாம்.

வத்தலகுண்டு_பாலா
சாரி, வேலைல இருந்தேன். கம்பெனி பேர் எங்கயும் இல்ல. பின்னாடி ஸ்டிக்கர் கிழிஞ்சு "8 ஓம்"னு மட்டும் தெரியுது. 8 இன்ச் வூஃபர், மேல துணி டோம் மாதிரி சின்னது. மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தேன், ட்வீட்டர்ல 0.4 ஓம் காட்டுது. ஷார்ட்தானே? அப்ப எது வாங்கலாம்?

ஒலிநேசன்
0.4 ஓம் என்றால் காயில் ஷார்ட். சந்தேகமே இல்லை. ட்வீட்டரைத் தூக்கிப் போடவும். ஜோடியாக இரண்டும் மாற்றவும்.

அலைவரிசை
ஷார்ட்னு உடனே முடிவு பண்ணாதீங்க. பழைய டோம் ட்வீட்டர்னா ஃபெர்ரோஃப்ளூயிட் காய்ஞ்சு போயிருக்க வாய்ப்பு அதிகம். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவுல இருக்கிற கருப்பு எண்ணெய். 1963ல நாசாவுல ராக்கெட் எரிபொருளுக்காகக் கண்டுபிடிச்ச சமாச்சாரம், அப்புறம் ஸ்பீக்கருக்கு வந்துச்சு. காயில் சூட்டைக் காந்தத்துக்குக் கடத்தும். வருஷம் ஆக ஆக அது பசை மாதிரி இறுகி காயிலைப் பிடிச்சுக்கும். சத்தம் அமுங்கிரும்.

சிந்தாதிரி
அமுங்கும் சரி. அவர் "சுத்தமா இல்ல"ங்கிறாரே?

ஆம்ப்_ஆனந்த்
யாரும் மூல காரணத்தைக் கேக்கல. எந்த ஆம்ப்? வாட்ஸ் கம்மியான ஆம்பை முழுசாத் திருகி வச்சா ட்வீட்டர்தான் முதல்ல போகும். கிளிப் ஆகி (அலையோட உச்சி வெட்டுப்பட்டு) சதுர அலை வரும், அதோட ஹார்மோனிக்ஸ் (மடங்கு அதிர்வெண்கள்) எல்லாம் நேரா ட்வீட்டருக்குப் போகும். புது ட்வீட்டர் போட்டாலும் ஒரு மாசத்துல அதே கதைதான். முதல்ல ஆம்பை மாத்துங்க.

தேன்மொழி_சர்வீஸ்
பாலா, ஒரு கேள்வி. 0.4 பார்த்தப்ப ட்வீட்டர்ல இருந்து வயரைக் கழட்டிட்டு அளந்தீங்களா, இல்ல வயர் மாட்டினபடியேவா?

மாட்டினபடி அளந்திருந்தா அந்த 0.4 ட்வீட்டரோடது இல்ல. 8 இன்ச் வூஃபர் பெட்டில சாதாரணமா கிராஸ்ஓவர்ல ட்வீட்டருக்குத் தொடர்ல ஒரு கப்பாசிட்டர், குறுக்கே ஒரு காயில் (ட்வீட்டருக்குள்ள இருக்கிற காயில் இல்ல, இது வேற) இருக்கும். அந்தக் காயில் வெறும் செம்புக் கம்பிதான், டிசிக்கு அரை ஓம்கூட இருக்காது. மீட்டர் அதைத்தான் காட்டியிருக்கும். மலிவு மீட்டர்னா ரெண்டு முனையையும் தொட்டுப் பிடிச்சாலே 0.2, 0.3 காட்டும், அதையும் கழிச்சுக்கணும்.

ட்வீட்டர் காயில் எரிஞ்சா பெரும்பாலும் அறுந்துதான் போகும், மீட்டர் ஒண்ணுமே காட்டாது. சர்வீஸ்ல நான் பார்த்த வரைக்கும் 0.4க்கு ஷார்ட் ஆகிறது ரொம்ப அபூர்வம். ஒரு பக்க வயரையாவது கழட்டிட்டு அளங்க. நல்லா இருக்கிற 8 ஓம் ட்வீட்டர் 6க்குப் பக்கத்துல காட்டும்.

பின்னாடி டெர்மினல்ல அளந்தும் பிரயோஜனம் இல்ல. ட்வீட்டர் வழியில டிசியை விடாத கப்பாசிட்டர் இருக்கிறதால மீட்டருக்கு வூஃபர் மட்டும்தான் தெரியும்.

ஒலிநேசன்
நான் கூறியது வயரைக் கழற்றி அளந்ததாக எடுத்துக்கொண்டு. அளக்கத் தெரிந்தவர் அப்படித்தான் அளப்பார்.

வாட்ஸ்_வேண்டாம்
@ஆம்ப்_ஆனந்த், இந்தச் சதுர அலைக் கதையை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவீங்க? சுத்தமான சதுர அலையிலகூட 81 சதவீதம் சக்தி மூல அதிர்வெண்லதான் இருக்கு. மூணாவது ஹார்மோனிக் 9 சதவீதம், அஞ்சாவது 3 சதவீதம் சொச்சம், அப்படியே தேஞ்சுக்கிட்டே போகும். 100 ஹெர்ட்ஸ் பாஸ் கிளிப் ஆச்சுன்னா 4000 ஹெர்ட்ஸுக்கு மேல போய்ச் சேர்றது என்ன மிச்சம் இருக்கும்?

ட்வீட்டர் எரியறதுக்குக் காரணம் வேற. வால்யூம் ஏத்த ஏத்த பாஸ் உச்சம் தட்டி நின்னுரும், ட்ரெபிள் மட்டும் தொடர்ந்து ஏறும். சாதாரணப் பாட்டுல ட்வீட்டருக்குப் போற சராசரி சக்தி ரொம்பக் குறைவு, அதை நம்பித்தான் அவ்வளவு மெல்லிசான கம்பில காயில் சுத்துறாங்க. அந்தச் சராசரி பல மடங்கு ஏறினா சூடு தாங்காது. இது பெரிய ஆம்ப்லயும் நடக்கும்.

ஆம்ப்_ஆனந்த்
பாட்டுங்கிறது 100 ஹெர்ட்ஸ் மட்டும் இல்லையே. 2000 ஹெர்ட்ஸ்ல இருக்கிற குரல், நாதஸ்வரம் கிளிப் ஆனா மூணாவது ஹார்மோனிக் 6000. அது ட்வீட்டருக்குத்தான் போகும். 30 வாட்ஸ் ஆம்ப் முழு சதுரத்துக்கு வந்தா 60 வாட்ஸ் தள்ளும்ங்கிறதும் கணக்குதான்.

வாட்ஸ்_வேண்டாம்
60 வாட்ஸ் தள்ளுதுன்னா பிரச்சினை "கம்மி வாட்ஸ்" இல்ல, அதிக வாட்ஸ்தான்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

மைக்செட்_முருகு
ரெண்டு பேரும் சண்டையை விட்டுட்டு அந்தத் தம்பியைக் கவனிங்கப்பா. அவருக்கு ஞாயித்துக்கிழமை விசேஷம். பாலா, ஒண்ணும் ஆகலைன்னா ஒரு பீசோ ட்வீட்டர் (காயில் இல்லாம படிகம் அதிர்ந்து பாடறது) வாங்கி நேரா மாட்டிருங்க. விலை கம்மி, கிராஸ்ஓவரே வேண்டாம்.

தேன்மொழி_சர்வீஸ்
முருகு அண்ணே, பந்தல்ல தூரத்துக்கு அடிக்கிறதுக்குச் சரி. வீட்ல பீசோ 4000, 5000 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒழுங்கா வராது. வூஃபர் விடற இடத்துக்கும் பீசோ பிடிக்கிற இடத்துக்கும் நடுவுல ஓட்டை விழும், பாடறவங்க குரல் பின்னாடி போயிரும். பீசோவே ஒரு கப்பாசிட்டர் மாதிரிங்கிறதால ஏற்கெனவே இருக்கிற கிராஸ்ஓவர்ல மாட்டினாலும் அது நினைச்சபடி வெட்டாது.

வத்தலகுண்டு_பாலா
அக்கா, வயர் கழட்டி அளந்தேன். 5.8. நல்லா இருக்கிற பக்கம் 5.9. வயர் மாட்டினா ரெண்டுமே 0.4 தான் வருது!! அப்ப ட்வீட்டர் நல்லாத்தான் இருக்கா?

தேன்மொழி_சர்வீஸ்
காயில் அறுந்து போகலைங்கிறது உறுதி. அடுத்து ரெண்டு பெட்டியோட ட்வீட்டரையும் மாத்திப் போட்டுப் பாருங்க. இதைவிட நம்பிக்கையான சோதனை கிடையாது, மீட்டரே வேண்டாம். பாடாத ட்வீட்டர் அடுத்த பெட்டில பாடுச்சுன்னா கோளாறு கிராஸ்ஓவர்ல.

கழட்டும்போது ஜாக்கிரதை. காந்தம் ஸ்க்ரூடிரைவரைச் சட்டுனு இழுக்கும், டோம்ல குத்திரும். ஒரு கையால டோமை மறைச்சு, மெதுவா. வயரை ட்வீட்டர் கால்ல நேரா சால்டர் பண்ணியிருந்தா 25 வாட்ஸ் அயர்ன் போதும், ரெண்டு செகண்டுக்கு மேல வைக்காதீங்க. பிளாஸ்டிக் இளகினா உள்ள இருக்கிற மெல்லிசுக் கம்பி விட்டுரும். எந்த வயர் எந்தக் காலில் இருந்துச்சுன்னு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அலைவரிசை
5.8 காட்டறதால ஃபெர்ரோஃப்ளூயிட் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல. இறுகிப் போனாலும் ஓம் சரியாத்தான் காட்டும். டோமை விரல் நுனியால மெதுவா அழுத்திப் பாருங்க, அசையலைன்னா நான் சொன்னதுதான்.

ஒலிநேசன்
டோமை விரலால் தொடச் சொல்வதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையை ட்வீட்டரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டால் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வால்யூம் குறைவாக இருக்கட்டும்.

சிந்தாதிரி
ஒலிநேசன் சார் சொன்ன குழாய் நல்ல யோசனை. வூஃபர் சத்தத்துல ட்வீட்டர் பாடுதா இல்லையான்னு காது ஏமாந்துரும்.

வத்தலகுண்டு_பாலா
மாத்திப் போட்டேன். பாடாதது அந்தப் பெட்டில பாடுது. நல்லது இந்தப் பெட்டில பாடல. வூஃபரைக் கழட்டி உள்ள பார்த்தேன், பலகைல ரெண்டு காயில், ஒரு நீல கப்பாசிட்டர் 4.7, 50 வோல்ட், என்.பி.னு போட்டிருக்கு, ஒரு வெள்ளை ரெசிஸ்டர்.

தேன்மொழி_சர்வீஸ்
நல்லது, ட்வீட்டர் செலவு மிச்சம். அந்தக் கப்பாசிட்டரைக் கையால லேசா ஆட்டிப் பாருங்க. வூஃபர் அதிர்வுல வருஷக்கணக்கா ஆடி, கால் சால்டர் பக்கத்துல ஒடியறது ரொம்பச் சகஜம். பசை போட்டு ஒட்டாத பலகைன்னா கேக்கவே வேண்டாம். வெள்ளை ரெசிஸ்டரையும் ஒரு கால் கழட்டி அளங்க, உள்ள கம்பி அறுந்தா வெளிய தெரியாது.

கப்பாசிட்டர் மாத்தறதுன்னா 4.7 மைக்ரோ ஃபேரட் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம், 100 வோல்ட் இல்ல அதுக்கு மேல. கடைல சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கொடுத்தா வாங்காதீங்க. அதுக்கு பிளஸ் மைனஸ் உண்டு, ஸ்பீக்கர்ல ரெண்டு திசையிலயும் மின்சாரம் ஓடும். என்.பி.ன்னா நான் போலார், அதுதான் இங்க ஒத்துவரும். மதிப்பை மட்டும் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. கப்பாசிட்டர் மட்டும் இருந்தா 8 ஓம்க்கு 4.7 சுமார் 4200 ஹெர்ட்ஸ்ல வெட்டும், 3.3 போட்டா 6000. உங்க பலகைல காயிலும் சேர்ந்திருக்கிறதால கணக்கு இன்னும் மாறும்.

வாட்ஸ்_வேண்டாம்
பார்த்தீங்களா ஆனந்த், ஆம்ப் குத்தமே இல்ல.

ஆம்ப்_ஆனந்த்
இந்தத் தடவை இல்ல. நான் சொன்ன விதி அதனால பொய்யாயிராது.

வத்தலகுண்டு_பாலா
கப்பாசிட்டர் கால் ஒடிஞ்சிருந்துச்சு. புதுசு வச்சாச்சு. பாடுது. நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி.

தேன்மொழி_சர்வீஸ்
சந்தோஷம் பாலா. மூணு விஷயம். அடுத்த பெட்டில இருக்கிற கப்பாசிட்டரும் அதே வயசுதான், அதையும் மாத்திருங்க, இல்லன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. பலகைல ஒரு துளி பசை வச்சு ஒட்டுங்க.

முக்கியமா, ட்வீட்டருக்குச் சிவப்பு வயர் எந்தக் காலுக்குப் போட்டீங்க? இந்த மாதிரிக் கிராஸ்ஓவர்ல நிறைய பேர் ட்வீட்டரை வேணும்னே தலைகீழா மாட்டுவாங்க, சிவப்பு மைனஸ்ல இருக்கும். தப்புன்னு நினைச்சு நேர் பண்ணிட்டா வூஃபரும் ட்வீட்டரும் சேர்ற இடத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், பாடும் ஆனா குரல் மெலிஞ்சு கேக்கும். நல்ல பெட்டில எப்படி இருந்துச்சோ அதே மாதிரி மாட்டியிருக்கீங்களான்னு போட்டோவைப் பாருங்க.

சிந்தாதிரி
பாலா ப்ரோ, அக்கா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அப்படியே விட்டுட்டுப் போயிராதீங்க.

கரூர்_காத்து
இதே இழைல கேக்கறேன், மன்னிக்கவும். எனக்கு ரெண்டு ட்வீட்டரும் பாடுது, ஆனா துணி போட்டு மூடின மாதிரி இருக்கு. வயர் கழட்டித்தான் அளந்தேன், ரெண்டும் 5.9. கப்பாசிட்டர் ரெண்டும் ஏற்கெனவே மாத்தியாச்சு, மாற்றமே இல்ல. ரொம்பப் பழைய டோம்.

ஒலிநேசன்
புதிய கேள்விக்குப் புதிய இழை தொடங்கவும்.

அலைவரிசை
கரூர் அண்ணே, உங்களுக்குத்தான் ஃபெர்ரோஃப்ளூயிட். முன்தட்டுல ஸ்க்ரூ இருந்தா மட்டும் திறங்க, பசை போட்டு ஒட்டினதா இருந்தா நெம்பாதீங்க. டோம் எந்தத் திசைல உக்காந்திருக்குன்னு பென்சில்ல கோடு போட்டுட்டு நேரா மேல தூக்குங்க. மேஜைல இரும்புத் தூள் ஒண்ணும் இருக்கக் கூடாது, கேப்புக்குள்ள போனா திரும்ப எடுக்கிறது பெரும்பாடு. மை ஒத்தற தாளை மெல்லிசா வெட்டி, மடிச்சு கேப்புல விட்டு விட்டு எடுங்க, கருப்பு வராத வரைக்கும். காயில்ல ஒட்டினதைப் பஞ்சுல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் ட்வீட்டருக்குன்னே விக்கிற ஃப்ளூயிட் சில சொட்டு, ரெண்டுக்கும் ஒரே அளவு. முதல்ல ஒரு ட்வீட்டரை மட்டும் செஞ்சு முடிச்சிட்டு, செய்யாததோட சேர்த்து வச்சுக் கேளுங்க. வித்தியாசம் தெரிஞ்சா அடுத்ததைத் திறங்க.