சிலிக்கான் பட்டை உணரி: காமன் மோட் திருத்தத்துக்குப் பின் அண்டைச் சேனல்கள் எதிர்மறையாவது ஏன்?

கேள்வி

வணக்கம். துகள்கள் கடப்பதைக் கண்டறியும், 300 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் பட்டை உணரி ஒன்றை, அதன் குறிகைகளைப் படிக்கும் 128 சேனல்கள் கொண்ட ஏபிவி25 சிப்புடன் இணைத்து, ஸ்ட்ரான்சியம்-90 மூலத்தால் சோதித்து வருகிறேன். ஒவ்வொரு சேனலின் பெடஸ்டலையும் (துகள் படாதபோது காட்டும் சராசரி அளவு) கழித்த பிறகும் இரைச்சலின் திட்டவிலக்கம் 6 ஏடிசி அலகுகளாக (குறிகையை எண்ணாக மாற்றும் கருவியின் அலகு) இருந்தது. எல்லாச் சேனல்களும் நிகழ்வுக்கு நிகழ்வு ஒன்றாகவே ஏறி இறங்கியதால் இது காமன் மோட் இரைச்சல் என்று முடிவுசெய்தேன். அந்த ஏற்றம் சிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்வாக இருந்ததால், 16 சேனல்களுக்கு ஒரு சராசரி எடுத்துக் கழித்தேன். இரைச்சல் 2 அலகுகளாகக் குறைந்தது. ஆனால் துகள் பட்ட நிகழ்வுகளில் அண்டைச் சேனல்கள் −5 வரை இறங்குகின்றன. துகளின் குறிகை விழும் இரு பட்டைகளிலும் சேர்ந்து 80 அலகுகளாக இருந்த குறிகையும் 70 ஆகிவிடுகிறது. சிப்பில் பழுதா?

மறுமொழி 1

சிப்பில் பழுதில்லை. 80 அலகுகளை 16 ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாக 5. துகளின் குறிகையையும் சராசரியில் சேர்த்துவிட்டதால், அந்தக் குழுவின் ஒவ்வொரு சேனலிலிருந்தும் 5 அலகுகள் கூடுதலாகக் கழிகின்றன. குறிகை விழுந்த இரு சேனல்களும் ஆளுக்கு 5 இழப்பதால்தான் 80 என்பது 70 ஆகிறது. 128 சேனல்களுக்கும் ஒரே சராசரி எடுத்திருந்தால் இப்பிழை 0.6 அலகாகவே இருந்திருக்கும், கண்ணிலும் பட்டிருக்காது. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை (மீடியன்) பயன்படுத்தலாம். உங்களுக்குச் சாய்வும் இருப்பதால், இரைச்சலைப் போல நான்கு மடங்குக்கு மேல் எழும் சேனல்களை முதலில் விலக்கிவிட்டு, எஞ்சியவற்றுக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்திக் கழித்து, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்வதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆயினும் எந்தக் கணிதத் திருத்தமும் உண்மைக் குறிகையில் சிறிதளவைத் தின்னக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். ஃபெர்மி ஆய்வகத்தின் மைக்ரோபூன் திரவ ஆர்கான் உணரியில், ஒரே மின்னழுத்தச் சீராக்கியைப் பகிரும் கம்பிகளின் பொது இரைச்சலை இடைநிலை அளவால் நீக்கியபோது, கம்பித் தளத்துக்கு இணையாகச் செல்லும் தடங்களைக் காக்கத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. அத்தகைய தடத்தின் குறிகை பல கம்பிகளில் ஒரே நேரத்தில் எழுவதால், அதுவும் பொது இரைச்சலைப் போலவே தோன்றும்.

ஆகவே இரைச்சலின் மூலத்தையும் தேடுங்கள். 6-இன் வர்க்கத்திலிருந்து 2-இன் வர்க்கத்தைக் கழித்தால், பொதுப் பகுதி மட்டும் ஏறக்குறைய 5.7 அலகுகள், இது மிக அதிகம். உணரிக்குக் கொடுக்கும் பயாஸ் மின்னழுத்தத்தை நிறுத்திச் சோதிக்காதீர்கள், ஏனெனில் அப்போது உணரியின் மின்தேக்குதிறன் உயர்ந்து சேனல்களின் சொந்த இரைச்சலே கூடிவிடும். பயாஸை வைத்துக்கொண்டே எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) பதில் லீனியர் பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள். எர்த் இணைப்பு ஒரே புள்ளியில் சேர்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சேனல்களை விலக்கி நேர்கோடு பொருத்தியதும் −5 மறைந்தது, குறிகையும் 80-க்குத் திரும்பியது. பவர் சப்ளையை மாற்றியபோது, திருத்தத்துக்கு முந்தைய இரைச்சலே 6-இலிருந்து 3 ஆகிவிட்டது. உணரிப் பெட்டியும் சிப் பலகையும் தனித்தனியே எர்த் செய்யப்பட்டிருப்பதை இன்றுதான் கண்டேன். நாளை அதை ஒன்றாக்கி மீண்டும் அளக்கிறேன்.