மழைக்காலத்தில் நாயோடு நடக்க என்ன போடுகிறீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

சானல்கரை:

எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. விடிவதற்குள் கேட்டருகே போய் நின்றுகொண்டு என்னைப் பார்க்கும். ஜூனில் தென்மேற்கு, அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தவணை. தோவாளை சானல் கரையில் அத்தனை நாளும் நடக்க வேண்டும் என்றால் செருப்பு விஷயத்தை யோசித்தே ஆக வேண்டும்.

போன வருஷம் மச்சான் துபாயிலிருந்து வரும்போது நீர்ப்புகா ஷூ ஒன்று கொண்டுவந்தார். உள்ளே மெல்லிய ஜவ்வுப் படலம் வைத்து, கணுக்கால் உயரம். குளிர்நாட்டுக்கு அருமையான சாமான், மறுக்கவில்லை. கால் வியர்வையின் ஆவி அந்த ஜவ்வு வழியாக வெளியேறும். மழைத்தண்ணீர் உள்ளே வராது. ஆனால் ஆவி வெளியேற, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்தும் வறண்டும் இருக்க வேண்டும். இங்கே மார்கழி விடியலிலும் 22, 23 டிகிரி, காற்றே நனைந்த துணி மாதிரி. ஆவி எங்கே போகும்? உள்ளேயே தங்கிவிடுகிறது.

அதைவிடப் பெரிய தொல்லை ஷூவின் மேல்வாய், கால் நுழைக்கும் இடம். வரப்பில் ஒரு மடையை நாய் தாவும்போது நாமும் தாவ வேண்டியதுதான். கால் தவறினால் கணுக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். வெளித்தண்ணீரை உள்ளே விடாத ஷூ, உள்தண்ணீரை வெளியேயும் விடாது. வீடு வரை சளக் சளக்தான். காய்வதற்கு இரண்டு நாள், அதற்குள் அடுத்த மழை.

அதனால் என் கட்சி இது: ஒன்று முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் கம்பூட், இல்லையென்றால் பின்வார் வைத்த திறந்த செருப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள எதுவும் நம் மழைக்கு ஆகாது. தார்ரோட்டில் மட்டும் நடப்பவருக்குப் பின்வார் செருப்பே போதும். தண்ணீர் வரும், போகும். ஹவாய் செருப்பு வேண்டாம். முதுகு வரை சேறு தெறிக்கும், நாய் ஒரு இழுப்பு இழுத்தால் வார் பிய்ந்து கையோடு வரும்.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அடிப்பாகத்தைத்தான், தண்ணீர் புகுமா என்பதை அப்புறம்தான். அடியில் துருத்தி நிற்கும் கட்டைகள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் சேறு தானாக உதிரும். நெருக்கமாக இருந்தால் பத்தடியில் சேறு அப்பிக்கொண்டு அடி வழவழப்பாகிவிடும். பாசி பிடித்த சிமெண்ட் படியில், முப்பது கிலோ நாய் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது, அதன் அருமை தெரியும். கம்பூட்டை மாலையில், தடித்த காலுறை போட்டுப் பார்த்து வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். குதிகால் உள்ளே தூக்கித் தூக்கிப் போட்டால் அளவு பெரிது.

ரப்பர்க்காடு:

அண்ணாச்சி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பேன்டைக் கம்பூட்டுக்குள் செருகாதீர்கள். மழைத்தண்ணீர் துணி வழியாக இறங்கி நேராக உள்ளே போய் நிறையும். மழைக்கால்சட்டையைக் கம்பூட்டுக்கு வெளியே தொங்க விடணும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

நான் குலசேகரம் பக்கம். எனக்குக் கம்பூட் மழைக்காக இல்லை, பாம்புக்காக. ரப்பர் மரத்துக்கு அடியில், மண்ணை மூட வளர்க்கும் மூடுகொடி படர்ந்திருக்கும் இடத்தில் எது கிடக்கிறது என்று தெரியாது. சருகு நிறத்தில் ஒரு சிறு குழிவிரியன் உண்டு, ஒரு முழம்கூட இருக்காது. இங்கே ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்குத்தான்; இதற்குக் கேட்காது. பூட் போட்டால் பயமே இல்லை என்று சொல்லவில்லை. கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் விழுகிறது, அந்த இடமாவது மூடியிருக்கட்டும். எங்கள் நாட்டுநாய் ஒரு நாள் கொடிக்குள் முகத்தை விட்டு உறுமிக்கொண்டே நின்றது; கயிற்றைச் சுருக்கிப் பிடித்து அப்படியே பின்வாங்கினேன். நீண்டு சுருங்கும் கயிறு இந்த மாதிரி இடத்துக்கு ஆகாது.

காலையில் போடுமுன் கம்பூட்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள். தவளை, பூரான், தேள் எல்லாம் வந்திருக்கிறது.

பறக்கைக்காரி:

வயல்பக்கம் நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஞாபகம் இருக்கட்டும். எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வரும் கிருமி, காலில் உள்ள கீறல் வழியாகவும் ஊறிப்போன தோல் வழியாகவும் ஏறும். சேற்றுப்புண் இருக்கிறவர் திறந்த செருப்போடு தேங்கிய தண்ணீரில் இறங்கவே கூடாது. இந்த ஒரு இடத்தில் நான் சானல்கரை அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. வயலென்றால் கம்பூட் மட்டும்தான். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், தண்ணீரில் நடந்த விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாய்க்கு வருஷாவருஷம் போடும் தடுப்பூசியில் இதற்கும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

வந்ததும் நாயின் விரலிடுக்கைக் கழுவித் துடைக்க வேண்டும். அங்கேதான் உண்ணி ஒட்டியிருக்கும். என் பிள்ளைக்குப் பாதத்தைத் தொட்டாலே பிடிக்காது, பிஸ்கட் காட்டித்தான் வேலை நடக்கிறது.

எனக்கு ஒரு கேள்வி: பெண்களுக்கு 4, 5 அளவில் கம்பூட் எங்கே கிடைக்கும்? நாகர்கோவிலில் கேட்ட கடைகளில் எல்லாம் 7-லிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ரப்பர்க்காடு:

அக்கா, செருப்புக்கடையில் தேடாதீங்க. மார்த்தாண்டத்தில் தோட்டச் சாமான் விற்கிற கடைகளில் பாருங்க, பால் வெட்டும் பெண்களுக்காகச் சின்ன அளவு எடுத்து வைப்பார்கள். பிளாஸ்டிக்கும் உண்டு, ரப்பரும் உண்டு. ரப்பர் கனம், ஆனால் கால் மடங்கும்போது கூடவே மடங்கும். நாய் உங்களை ஓட வைக்கும் ரகம் என்றால் ரப்பரே எடுங்க.

சானல்கரை:

பறக்கைக்காரி சொன்னது சரிதான், வயலில் இறங்குகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். கோதையாறு, பேச்சிப்பாறை பக்கம் நாயைக் கூட்டிப்போகிறவர்கள் யாராவது இருந்தால், ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். நான் கம்பூட் வாயில் உப்புத்துணி கட்டுகிறேன், நல்ல மழையில் உப்பு கரைந்து போய்விடுகிறது.