இரண்டு கைப் பெருவாள் வீண் என்று சொன்னவர் இங்கே வரவும் (எல்டன் ரிங் வீடியோ கேம்)

பெருவாள்பித்தன்

மெலீனியா என்கிற பாஸ் (பெரிய எதிரி) பற்றிய இழையில் இரட்டைக்கத்தி என்கிற நண்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியது: "ஒரு வாளை இரண்டு கையால் பிடிக்கிறவன் ஒரு கையை வீணடிக்கிறான். கைக்கு ஒரு வாள் இருந்தால்தான் பலம்." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே பதில் சொல்கிறேன்.

2022 பிப்ரவரியில் ஆட்டம் வந்த வாரத்திலிருந்து நான் பெருவாள்தான். ஹீரோ வகுப்பில் தொடங்கினேன், ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 16, டெக்ஸ் (கைத்திறன்) 9. கேலிட் என்கிற பகுதியில் சாலையில் நிற்கும் வண்டியின் பின்பக்கப் பெட்டியில் கிரேட்ஸ்வார்ட் என்கிற பெருவாள் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு பாஸைக்கூட அடிக்காமல் குதிரையில் போனேன். அந்தப் பெருந்தலை நாய்கள் மூன்று முறை கடித்துக் கொன்றன, நான்காவது முறை பெட்டியைத் திறந்துவிட்டேன். அந்த வாளுக்கு ஸ்ட்ரெங்த் 31, டெக்ஸ் 12 வேண்டும். நான் போட்டது எட்டே லெவல்: ஸ்ட்ரெங்த்தில் ஐந்து, டெக்ஸில் மூன்று. 21 ஆனதும் இரண்டு கையால் பிடித்தேன், வாள் ஒழுங்காக எழுந்தது. ஏன்? இரண்டு கையால் பிடித்தால் ஒன்றரை மடங்கு பலம். இதைத்தான் இவர் வீண் என்கிறார்.

இரட்டைக்கத்தி

வந்துவிட்டேன். முதல் பதிவிலேயே தப்பு. ஒன்றரை மடங்கு பலம் என்று எங்கே இருக்கிறது? ஸ்ட்ரெங்த் என்கிற எண்தான் ஒன்றரை மடங்காகக் கணக்கில் வரும். அடி ஒன்றரை மடங்காகாது. இதை எத்தனை தரம் சொல்வது?

பெருவாள்பித்தன்

ஸ்ட்ரெங்த் என்றால் தமிழில் என்ன? பலம். பலம் ஒன்றரை மடங்கு. நான் எழுதியதில் என்ன தப்பு?

இரட்டைக்கத்தி

படிக்கிறவன் என்ன புரிந்துகொள்வான்? நூறு அடித்த இடத்தில் நூற்றைம்பது அடிக்கும் என்று நினைப்பான். ஸ்டேட்டஸ் திரையைத் திறந்து ஒரு கையால் பிடித்துப் பாருங்கள், அப்புறம் இரண்டு கையால் பிடித்துப் பாருங்கள். எண் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். நான் கையில் ஒன்றாக இரண்டு கிரேட்ஸ்வார்ட் வைத்துக் குதித்து அடித்தால் இரண்டு வாளும் இறங்கும். இரண்டு அடி. உங்களுக்கு ஒன்று. இரண்டு பெரிதா ஒன்று பெரிதா என்பதற்கு இழை திறக்க வேண்டுமா?

கோட்டைக்கதவு

இரண்டு பேரும் கேடயத்தை மறந்துவிட்டீர்கள். இடது கையில் நல்ல கேடயம், வலது கையில் ஈட்டி. தடுத்துக்கொண்டே குத்தலாம். வாளை ஓங்கிக்கொண்டு நிற்கும்போது மார்கிட் என்கிற பாஸ் தடியால் மண்டையில் போடுவதை நான் எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன்.

பெருவாள்பித்தன்

@கோட்டைக்கதவு, மெலீனியாவிடம் போங்கள். அவள் அடியைக் கேடயத்தில் வாங்கினாலும் அவளுக்கு உயிர் ஏறும். நீங்கள் தடுக்கத் தடுக்க அவள் வளர்வாள்.

@இரட்டைக்கத்தி, இரண்டு வாள் என்று சொல்கிறீர்களே, அதன் விலையைச் சொல்லுங்கள். கைக்கு ஒன்றாக வைத்தால் அந்த ஒன்றரை மடங்கு கிடையாது. 31 வேண்டும் என்றால் முழுசாக 31 போட வேண்டும். ஒரு கிரேட்ஸ்வார்டின் எடை 23, இரண்டுக்கு 46. அதற்கு மேல் கவசம் போட்டு, மொத்தச் சுமையில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க சுமை தாங்கும் எண்டியூரன்ஸில் எத்தனை லெவல் கொட்டினீர்கள்? தாண்டினால் உருளாமல் மூட்டையாக விழ வேண்டியதுதான். நானோ ஸ்ட்ரெங்த் 54இல் நிறுத்திவிட்டேன். இரண்டு கையால் பிடித்தால் 81 கணக்கு. 80க்கு மேல் போட்டால் பெரிதாகப் பயன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த 80க்காக நீங்கள் கொட்டும் 26 லெவலை நான் உயிரைக் கூட்டும் விகரில் போட்டேன், 60 வந்துவிட்டது. உங்களை ஒரே அடியில் சாய்ப்பவன் என்னைச் சாய்க்க இரண்டு அடி வேண்டும். ஒன்றரை மடங்கு என்பது இதுதான். பொருள் தெரியாமல் எண்ணைப் பார்த்துக் கத்தாதீர்கள்.

இரட்டைக்கத்தி

பார்த்தீர்களா, "81 கணக்கு" என்கிறார். அப்போது ஒன்றரை மடங்கு ஸ்ட்ரெங்த்துக்குத்தானே, அடிக்கு இல்லையே? நான் சொன்னதையே சொல்லிவிட்டு எனக்குப் பொருள் தெரியாது என்கிறார்.

பெருவாள்பித்தன்

நான் அடி என்று எழுதவே இல்லை. பலம் என்று எழுதினேன். மேலே போய்ப் படியுங்கள்.

புதுசா_வந்தவன்

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். வீப்பிங் பெனின்சுலாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் வியாபாரியிடம் 3500 ரூன் (ஆட்டக் காசு) கொடுத்து ஸ்வைஹேண்டர் என்கிற பெருவாள் வாங்கினேன். அதற்கு ஸ்ட்ரெங்த் 19 கேட்கிறது, என்னிடம் 14தான் இருக்கிறது. இரண்டு கையால் பிடித்தால் போதுமா?

நெல்லை_ஆட்டக்காரன்

போதும் தம்பி, 13 இருந்தாலே போதும். டெக்ஸ் 11 இருக்கிறதா என்று பார்த்துக்கொள், அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்று. பித்தன் அண்ணன் ஏதோ ஆதி காலத்திலிருந்து பெருவாள் என்று சொல்கிறார். அந்த வருஷம் ஏப்ரலில் வந்த 1.04 திருத்தத்துக்கு முன்னால் கலோசல் (மிகப் பெரிய) வாளை ஒரு சுற்று சுற்றுவதற்குள் எதிரி வந்து அடித்துவிட்டுப் போய்விடுவான். வேகம் கூட்டிய பிறகுதான் எல்லோரும் பெருவாள் வீரர் ஆனார்கள்.

பெருவாள்பித்தன்

எல்லோரும் ஆனார்கள், நான் ஆகவில்லை. நான் அதற்கு முன்பே காட்ரிக், ராடான் என்கிற பாஸ்களை அந்த மெதுவான வாளால் முடித்தவன். எங்கே இறங்கும் என்று தெரிந்து ஓங்க வேண்டும், அதுதான் வித்தை. எதிரி கை தூக்கும்போதே நாம் சார்ஜ் (பொத்தானை அமுக்கிப் பிடித்து ஓங்குவது) பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். அவன் அடி நம்மைத் தாண்டிப் போன அதே நொடியில் வாள் தலையில் விழும். இரண்டு மூன்று முறை அப்படி விழுந்தால் க்ரூசிபிள் நைட் என்கிற கவச வீரனே முட்டி போட்டுவிடுவான். அந்தச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? முட்டி போட்டவனின் முன்னால் போய்க் குத்தும்போது வரும் நிம்மதி, பொத்தானை மடமடவென்று அமுக்கி ரத்தம் வரவைப்பவர்களுக்குத் தெரியாது. நம்மைப் போலவே உருவெடுத்துச் சண்டை போடும் மிமிக் டியரை முன்னால் அனுப்பிவிட்டுத் தூண் மறைவில் நின்றவர்களுக்கு நிச்சயம் தெரியாது.

இரட்டைக்கத்தி

யாரைச் சொல்கிறீர்கள்?

பெருவாள்பித்தன்

ஜூன் மாதம் "மெலீனியா முடிந்தாள்" என்று படம் போட்டவரைச் சொல்கிறேன். படத்தின் ஓரத்தில் இன்னொரு இரட்டைக்கத்தி நின்றுகொண்டிருந்தாரே.

இரட்டைக்கத்தி

மிமிக் டியர் ஆட்டத்தில் இருக்கிறது, பயன்படுத்தினேன். சட்டவிரோதமா? அதன் அடியைக் குறைத்த பிறகுதான் நான் பயன்படுத்தினேன், அதையும் எழுதுங்கள். நீங்கள் மட்டும் என்ன, போன தீபாவளி விடுமுறையில் கூட்டாக விளையாடக் கூப்பிட்டுவிட்டு, நான் ஃபயர் ஜெயன்ட்டின் காலைத் தனியாக வெட்டிக்கொண்டிருந்தபோது இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனவர்தானே? ஒன்றரை மடங்கு பலம் அன்றைக்கு எங்கே போனது?

பெருவாள்பித்தன்

கரண்ட் போய்விட்டது என்று அன்றைக்கே சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன். ஒன்றரை மடங்கு பலத்தைக் கேலி செய்வதற்காகப் பழைய கதையை இழுக்காதீர்கள்.

வாள்மனிதன்

சண்டைக்கு நடுவே ஒரு விஷயம். ஸ்வைஹேண்டர் நிஜமாகவே இருந்த வாள். 16ஆம் நூற்றாண்டில் லான்ட்ஸ்க்னெக்ட் என்ற ஜெர்மன் கூலிப்படையினர் வைத்திருந்தது. போருக்கு எடுத்துப்போன வாள்களின் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றரை கிலோதான். ஆட்டத்தில் 15.5 என்று போட்டிருக்கிறார்கள். இந்த ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது இந்த அபத்தத்தையும் பேச வேண்டும்.

கோட்டைக்கதவு

15.5 கிலோ என்று யார் சொன்னது? ஆட்டத்தில் கிலோ என்றே போடவில்லை. வெறும் எண்.

வாள்மனிதன்

எண் என்றால் ஏதோ ஒரு அளவுதானே? பிராஸ் ஷீல்டுக்கு 7 என்றால் வாளுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேலா? உலகத்தில் எந்தப் படைவீரனின் வாள் அவன் கேடயத்தைவிட இரண்டு மடங்கு கனம்?

கோட்டைக்கதவு

அப்படியானால் கேடயம் நல்லது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். இலேசு, நூறு சதவீதம் வெட்டைத் தடுக்கும். நன்றி.

வாள்மனிதன்

நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? எடையைப் பற்றிப் பேசுகிறேன்!

பெருவாள்பித்தன்

வாள்மனிதன் ஐயா, நிஜ வாள் வேறு, இது வேறு. கிரேட்ஸ்வார்ட் ஆள் உயர இரும்புப் பலகை மாதிரி இருக்கும், அதை நிஜத்தில் யாரும் தூக்கியதில்லை. ஆனால் நீங்கள் சொன்னதிலும் எனக்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. அந்தக் கூலிப்படையில் இரண்டு கை வாள்காரர்களுக்கு முன்வரிசையில் நிற்பதற்காக இரட்டைச் சம்பளம் கொடுத்ததாகப் படித்திருக்கிறேன். கைக்கு ஒரு வாள் வைத்தவனுக்கு யார் கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை.

இரட்டைக்கத்தி

இரட்டைச் சம்பளமா, ஒன்றரை மடங்கு சம்பளமா? சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள், உங்களுக்கு மடங்குக் கணக்கு வராது.

நெல்லை_ஆட்டக்காரன்

கணக்கு என்றால் நானும் ஒன்று கேட்கிறேன். ஜெயன்ட்-க்ரஷர் சுத்தியலுக்கு ஸ்ட்ரெங்த் 60 வேண்டும், இரண்டு கையால் பிடித்தால் 40 போதும். லேண்டெல் தலைநகரின் வெளிப்பகுதிக்குப் போய் அதை எடுத்துவந்தவன் நான். வாளைவிட அதுதான் பலம். பித்தன் அண்ணன் இரண்டு கை ஆயுதம் என்று பெயருக்குச் சொல்லிவிட்டு வாளை மட்டுமே பேசுகிறார். சுத்தியலை ஏன் பேசவில்லை?

பெருவாள்பித்தன்

சுத்தியலைப் பேச இன்னொரு இழை திறந்துகொள்ளுங்கள். அதன் எடை 26.5, வீச்சு குட்டை. குதிரைமேல் வரும் ட்ரீ சென்டினலை அதை வைத்து எட்டிப் பிடிப்பதற்குள் விடிந்துவிடும். கிரேட்ஸ்வார்டைப் பக்கவாட்டில் சுழற்றினால் மூன்று பேர் சேர்ந்து சாய்வார்கள்.

நெல்லை_ஆட்டக்காரன்

வாள் பெரிது என்று சொல்ல இழை, சுத்தியல் பெரிது என்று சொன்னால் வெளியே போ. நல்ல நியாயம்.

இரட்டைக்கத்தி

சுத்தியலை விடுங்கள். நான் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். இரண்டு கையால் பிடித்தால் அடி ஒன்றரை மடங்காகுமா, ஆகாதா? ஒரே வார்த்தையில்.

பெருவாள்பித்தன்

ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் கேள்வி இல்லை இது. 21 ஸ்ட்ரெங்த் உள்ளவன் கிரேட்ஸ்வார்டை ஒரு கையில் எடுத்தால் ஒழுங்காக வீசவே முடியாது, அடி பல்லுப் போன மாதிரி விழும். இரண்டு கையால் பிடித்தால் முழு அடி விழும். அந்த இடத்தில் அது ஒன்றரை மடங்கைவிடவே அதிகம். 80 உள்ளவனுக்கு வித்தியாசம் குறைவு. இதைப் புரியாமல் திரையில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு வந்து ஆமா இல்லையா என்கிறீர்கள். பலம் என்பது திரையில் இருக்கும் எண் இல்லை நண்பரே. எதிரியின் தோள் ஆடுகிறதா, அவன் தொடங்கிய அடி பாதியில் நிற்கிறதா, நாம் வீசும்போது அவன் கல் எறிந்தாலும் நம் வீச்சு நிற்காமல் போகிறதா, இதெல்லாம்தான் பலம். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரட்டைக்கத்தி

ஒரே வார்த்தை கேட்டேன், ஒரு பத்தி வந்தது. ஆகாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெருவாள்பித்தன்

எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

கோட்டைக்கதவு

கேடயத்தால் தடுத்த உடனே பலமாக அடித்தால் கார்ட் கவுன்ட்டர் வரும். அதுவும் முட்டி போட வைக்கும். அதை ஒருத்தரும் பேசவில்லை.

புதுசா_வந்தவன்

நெல்லை அண்ணே, நன்றி, ஸ்வைஹேண்டர் எழுந்துவிட்டது. மார்கிட்டைக் குதித்துக் குதித்து அடித்தேன், இரண்டாம் பாதி வரை போய்விட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தங்கச் சுத்தியலில்தான் சாகிறேன். வாளை ஹெவி (ஸ்ட்ரெங்த்துக்கு ஏற்ற வகை) பண்ண எங்கே போக வேண்டும்?

இரட்டைக்கத்தி

தம்பி, இன்னொரு ஸ்வைஹேண்டர் கிடைத்தால் இடது கையில் வை. ஒரே குதியில் இரண்டு அடி.

பெருவாள்பித்தன்

தம்பி, அவர் பேச்சைக் கேட்காதே. ஸ்ட்ரெங்த் 19 முழுசாகப் போட வேண்டும், எடை 31 ஆகிவிடும், இந்த லெவலில் உன்னால் உருளவே முடியாது. இருக்கும் ஒன்றை இரண்டு கையால் பிடி. ஒன்றரை மடங்கு பலம்.

இரட்டைக்கத்தி

திரும்பவும் ஆரம்பித்துவிட்டார். ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்கு. அடி இல்லை.