மெடிகேப்பா, அட்வான்டேஜா? எங்கள் வீடுகளில் நடந்தது

எடிசன், நியூ ஜெர்சி

என் கணவருக்கு 2019இல் 65 வயது நிறைந்தது; முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரும் வயது. கூடுதல் பிரீமியம் இல்லை, பல், கண் எல்லாம் அடக்கம், உடற்பயிற்சிக் கூடமும் இலவசம் என்று முகவர் அடுக்கிக்கொண்டே போனார். அரசின் நேரடி மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்துவிட்டோம். சில வருடங்கள் ஒரு குறையும் இல்லை.

போன கோடையில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நடக்கப் பயிற்சி தரும் மையத்தில் சேர்த்தோம். பதினான்காம் நாள் மாலை ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். நாளை மறுநாளோடு காப்பீடு நிற்கிறதாம். மறுத்தால் நாளை நண்பகலுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டுமாம். இவரோ வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரைகூடப் போக முடியாத நிலையில் இருந்தார். போராடியதில் நான்கு நாள் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அக்டோபரில் அரசின் நேரடி மெடிகேருக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். திரும்பலாம், தடையில்லை. ஆனால் டாக்டர் செலவில் 20 சதவீதம் நம் தலையில் விழும், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. அதை ஏற்கும் தனியார் துணைக் காப்பீடான மெடிகேப் பாலிசி கேட்டால் உடல்நிலைக் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். இவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் என்று எழுதினேன், நிராகரித்துவிட்டார்கள். 65 வயதில், டாக்டர் செலவுக்கான மெடிகேர் பகுதியான பார்ட் பி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் கேட்டிருந்தால் எந்த நோயைக் காட்டியும் மறுத்திருக்க முடியாது. முகவர் இதை மட்டும் சொல்லவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் இருக்கும் என் நாத்தனாருக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கே எப்போது கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம்.

ஹூஸ்டன்

எடிசன் அம்மா, நான் மெடிகேப் வகைகளில் ஒன்றான பிளான் ஜி வைத்திருப்பவன். பிரீமியம் வருடந்தோறும் ஏறுகிறது, மருந்துக்குப் பார்ட் டி என்ற காப்பீடு தனி. மாதம் பிறந்தால் வயிற்றெரிச்சல்தான். ஆனால் 2025இல் பார்ட் பி கழிவுத்தொகையை, அதாவது காப்பீடு தருமுன் நாமே கட்ட வேண்டிய 257 டாலரைக் கட்டியதோடு சரி, அதன்பின் எந்த டாக்டர் பில்லும் என்னிடம் வரவில்லை.

மதுரையில் தம்பி வீட்டில் மயங்கி விழுந்து மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தேன். மெடிகேர் அங்கே செல்லாது. பிளான் ஜி கைகொடுத்தது: பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கும் அவசர சிகிச்சை என்றால் 250 டாலர் போக மீதியில் 80 சதவீதம், ஆயுளுக்கும் சேர்த்து 50,000 டாலர் வரை. பணத்தைவிட, ஒவ்வொரு செலவையும் பிரித்தெழுதி முத்திரையிட்ட பில்லை வாங்குவதுதான் பெரும்பாடு. தம்பி மூன்று முறை அலைந்தான்.

டெட்ராய்ட் அருகே

அட்வான்டேஜை ஒரேயடியாகத் திட்டாதீர்கள். எங்களுக்கு அரசின் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி பணம் மட்டும்தான் வருமானம். இருவருக்கும் மெடிகேப் கட்டினால் வீட்டு வரிக்கு எங்கே போவது? எங்கள் டாக்டர்கள் எல்லோரும் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். கைப்பணச் செலவுக்கு ஆண்டு உச்சவரம்பும் உண்டு.

இடைஞ்சல் ஒன்றுதான். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் பொதுவாகத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். தஞ்சாவூரில் மாமியார் எவ்வளவு கெஞ்சினாலும், ஐந்தாம் மாதக் கடைசிக்கே திரும்பும் டிக்கெட்டைப் போட்டுவிடுகிறோம்.