வீட்டுக்கு சாதா ஜிகாபிட் ஸ்விச் போதுமா, இல்ல மேனேஜ்டு தான் வாங்கணுமா? பெரியப்பா வீட்டுக்கும் லைன் இழுக்கணும்

டிக்கோயா_பையன்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வீடு டிக்கோயா பக்கம். பைபர் லைன் வந்துருச்சு, ரவுட்டர் முன் ரூம்ல இருக்கு, லேன் போர்ட் நாலு இருக்கு ஆனா அதுல ஒண்ணு மட்டுந்தான் ஜிகாபிட், மிச்சம் மூணும் 100 எம்பிபிஎஸ் தான் (ஜிகாபிட்னா 1000). நான் கல்யாண வீடியோ எடிட் பண்றேன், பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல ரெண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு பைல் எல்லாம் அதுல வச்சிருக்கேன், அதுலருந்து என்னோட பீசிக்கு ஒரு புட்டேஜ் இழுக்கப் போனா டீ ஊத்தி குடிச்சிட்டு வந்தாலும் முடியல. அதோட கேமரா ரெக்கார்டர், டிவி பாக்ஸ், தங்கச்சி ஏ/எல் கிளாஸ் பண்ற லேப்டொப் இதெல்லாமும் இருக்கு.

5 போர்ட் ஸ்விச் ஒண்ணு (ஒரு லேன் லைன பல போர்ட்டா பிரிச்சு குடுக்குற பெட்டி) வாங்கலாம்னு டவுன்ல கேட்டேன், கடையில சொல்றாங்க சாதா ஸ்விச் போட்டா ஐபி (ஒவ்வொரு மெஷினுக்கும் நெட்வேர்க்ல குடுக்குற நம்பர்) எல்லாம் அடிபடும், மேனேஜ்டு (உள்ள செட்டிங் மாத்தக்கூடிய ஸ்விச்) தான் எடுக்கணும்னு, அது விலை நம்மளுக்கு கட்டாது. இது உண்மையா? அப்புறம் மேல பெரியப்பா வீடு இருக்கு, மேட்டுல ஒரு 60 மீட்டர் இருக்கும், அங்க வைபை வரல, ஸ்விச்லருந்து ஒரு கேபிள் வெளிய இழுத்து விட்டா சரியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, வாங்குறதுக்கு முன்னாடி விளங்கிக்கணும்.

தலவாக்கலை_வயரிங்

தம்பி, அந்த ஐபி கதைய விடுங்க. ஐபி குடுக்குறது ரவுட்டர் வேலை, சாதா ஸ்விச்சுக்கு அதுல கையே இல்ல, அதுக்கு சொந்தமா ஒரு ஐபி கூட கிடையாது. எந்த போர்ட்ல எந்த மெஷின் இருக்குன்னு மேக் அட்ரஸ (மெஷினோட நெட்வேர்க் கார்டுல இருக்குற நம்பர்) பார்த்து அதுவா படிச்சு வச்சிக்கும், உங்க பீசிலருந்து ஹார்ட் டிஸ்க் மெஷினுக்கு போற டேட்டாவ அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும், யாரு எங்கன்னு தெரியாதப்போ மட்டும் எல்லா போர்ட்டுக்கும் விட்டுப் பார்க்கும். பழைய காலத்து ஹப் இருக்கே, அது எதையுமே படிக்காம வந்ததெல்லாம் எல்லாருக்கும் கொட்டும், அதனாலதான் அதுல ஸ்பீட பங்கு போட வேண்டியிருந்துச்சு, ஸ்விச்ல அந்தப் பிரச்சினை இல்ல.

மேனேஜ்டு எப்ப தேவைன்னா, ஒரே ஸ்விச்ல ரெண்டு மூணு நெட்வேர்க்க தனித்தனியா பிரிக்கணும், ஒரு ஹோட்டல்ல கெஸ்ட் வைபை வேற ஆபீஸ் வேற, அந்த மாதிரி இடத்துல. வீட்டுக்கு தேவையில்ல, நான் போட்ட வீடுகள்ல எல்லாம் சாதா தான்.

மாட்டுறதும் லேசு. ரவுட்டர்ல அந்த ஜிகாபிட் போர்ட்லருந்து ஒரே ஒரு கேபிள் ஸ்விச்சுக்கு, எந்த போர்ட்ல குத்தினாலும் சரி, மிச்ச சாமானெல்லாம் ஸ்விச்ல. ரவுட்டருக்கும் ஸ்விச்சுக்கும் நடுவுல ரெண்டாவது கேபிள் மட்டும் போட்டுறாதீங்க, ஸ்பீட் கூடும்னு நெனச்சு சில பேர் போடுறாங்க, அது லூப் ஆகி ப்ரோட்காஸ்ட் (எல்லா மெஷினுக்கும் போற டேட்டா) சுத்திக்கிட்டே இருந்து வீடு முழுக்க நெட் செத்துப் போகும், சாதா ஸ்விச்ல பெரும்பாலும் அத தடுக்குற வசதி கிடையாது.

வாங்குறப்போ பெட்டிய நல்லா பாருங்க. 10/100/1000 அப்படின்னு போட்டிருக்கணும். டிபி-லிங்க்ல எஸ்எஃப்1005டின்னா 100 தான், எஸ்ஜி1005டின்னா ஜிகாபிட், பேர்ல ஒரு எழுத்து தான் வித்தியாசம். கடையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல அடுக்கியிருப்பாங்க, விலை கொறவா இருக்கேன்னு எடுத்துட்டு வந்தீங்கன்னா உங்க பைல் பிரச்சினை அப்படியே தான் இருக்கும். 8 போர்ட் எடுக்க முடிஞ்சா எடுங்க, நீங்க சொன்ன சாமான எண்ணினாலே 5 போர்ட் நிறைஞ்சு போச்சு.

பண்டாரவளை_டீச்சர்

அண்ணன் சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேர்த்து சொல்றேன் தம்பி, ஸ்விச் போட்டா இன்டர்நெட் ஸ்பீட் கூடாது. உங்க பேக்கேஜ் 100க்குள்ளன்னா நெட்ல ஒரு வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் தெரியுறது வீட்டுக்குள்ள ஒரு மெஷின்லருந்து இன்னொரு மெஷினுக்கு போறப்போ தான். 100 லைன்ல செக்கனுக்கு 11, 12 எம்பி தான் ஓடும், ஜிகாபிட்ல 110 வரைக்கும் ஓடும், 4 ஜிபி பைல் ஒண்ணு ஆறு நிமிஷம் எடுத்தது 40 செக்கனுக்குள்ள வந்துரும், ஹார்ட் டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடு குடுத்தா. உங்க வேலைக்கு இது பெரிய உதவி, கட்டாயம் போடுங்க.

டிவி பாக்ஸ் பைபர் கம்பனி குடுத்த ஐபி டிவின்னா அத ஸ்விச்ல போடாம நேரா ரவுட்டர்லயே விடுங்க. அந்த சேனல் ஸ்ட்ரீம் மல்டிகாஸ்ட்ல (ஒரே ஸ்ட்ரீம பல பேருக்கு ஒரே தடவையில அனுப்புற முறை) வரும், சாதா ஸ்விச் பல நேரம் அத எல்லா போர்ட்டுக்கும் அனுப்பி விட்டுரும், அதே ஸ்விச்ல ஒரு வைபை பாக்ஸும் இருந்துச்சுன்னா வைபை இழுத்துக்கிட்டு நிக்கும், தங்கச்சி கிளாஸ் தான் அடிபடும். யூடியூப் பார்க்குற சாதாரண பாக்ஸுன்னா எங்க போட்டாலும் பரவாயில்ல.

டிக்கோயா_பையன்

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி டீச்சர். கூட்டாளி ஒருத்தன்கிட்ட எஸ்ஜி 5 போர்ட் இருந்துச்சு, பார்க்குறதுக்குன்னு வாங்கிட்டு வந்து மாட்டினேன். ஹார்ட் டிஸ்க் மெஷின் ஜிகாபிட் லைட் காட்டுது, ஆனா என்னோட பீசி போர்ட் 100 தான் காட்டுது, விண்டோஸ்லயும் 100/100னு தான் இருக்கு. பீசி கார்டு ஜிகாபிட் தான், நிச்சயம். அந்த கேபிள் வீடு கட்டுறப்போ ஒருத்தர் செவுத்துக்குள்ள ஓட்டினது. ஸ்விச்ல கோளாறா?

தலவாக்கலை_வயரிங்

ஸ்விச் நல்லா இருக்கு தம்பி, கேபிள பாருங்க. 100க்கு நாலு வயர் போதும், 1, 2, 3, 6 பின். ஜிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேணும், மிச்ச நாலுல ஒண்ணு விட்டுப்போனா கூட பெரும்பாலும் ரெண்டு பக்கமும் பேசி 100க்கு எறங்கிரும், எந்த எரரும் காட்டாது, நெட்டும் வேலை செய்யும், அதனால ஆளுங்களுக்கு வருஷக்கணக்குல தெரியாமலே போகுது. செவுத்துல இருக்க ஜேக்க கழட்டி பாருங்க, நாலு வயர் தான் ஏத்தியிருப்பாங்க, மிச்ச நாலையும் வெட்டி விட்டிருப்பாங்க, இல்லாட்டி போனுக்கு எடுத்திருப்பாங்க. இந்த வேலைய பார்த்தா எனக்கு மனசு வேகுது, கேபிளுக்கு முழு காசு வாங்கிட்டு பாதிய கட்டி குடுக்குறது.

திருப்பி அடிக்கிறப்போ ரெண்டு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை-ஒரேஞ்ச், ஒரேஞ்ச், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். முறுக்க ரொம்ப பிரிக்காதீங்க. கேட் 5ஈ இருந்தாலே ஜிகாபிட் 100 மீட்டர் வரைக்கும் ஓடும், கேட் 6, கேட் 7ன்னு கூட காசு குடுக்க தேவையில்ல, ஆனா உள்ள செம்பு இருக்கணும். அலுமினியத்துல செம்பு பூசின கேபிள் நிறைய விக்குது, சிசிஏன்னு எழுதியிருக்கும், வயர் நுனிய பிளேட்டால சொரண்டினா வெள்ளையா தெரியும். நம்ம பக்கம் மே மாசத்துலருந்து மழையும் மிஸ்டுமா இருக்கு, ஈரத்துல அது சீக்கிரம் அரிச்சுப் போகும்.

நானுஓயா_77

யாரும் மேல் வீட்டு கேபிளப் பத்தி பேசலயே. தம்பி தயவு செஞ்சு செம்பு கேபிள வெளிய இழுக்காதீங்க. 60 மீட்டர் தூரம் பிரச்சினையில்ல, இடி தான் பிரச்சினை. மார்ச், ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பகலுக்கு மேல நம்ம மலையில எப்படி அடிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு வீட்டுக்கும் மீட்டர் வேற, எர்த் வேற. பக்கத்துல எங்கயாச்சும் இடி விழுந்தா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வர்ற வோல்டேஜ் உங்க கேபிள் வழியாத்தான் ஓடும், கேபிள் மேல நேரா விழணும்னு இல்ல. எங்க லைன் வீடுகள்ல ஒண்ணுல இப்படித்தான் ரவுட்டர், ஸ்விச், டிவி மூணும் ஒரே அந்தியில போச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகாதது பெரிய காரியம்.

பைபர் போடுங்க. ரெண்டு பக்கமும் ஜிகாபிட் மீடியா கன்வெர்ட்டர் (லேன் சிக்னல வெளிச்சமா மாத்துற பெட்டி) ஒவ்வொண்ணு, நடுவுல சிங்கிள் மோட் பைபர் கேபிள், கன்வெர்ட்டர்லருந்து சின்ன லேன் வயர் ஸ்விச்சுக்கு. கண்ணாடியில கரண்ட் ஓடாது. ஆனா கடையில குடுக்குற டிரொப் கேபிள்ல (வீட்டுக்கு இழுக்குற பைபர் வயர்) தொங்க விடுறதுக்குன்னு பக்கத்துல ஒரு இரும்புக் கம்பி ஓடும், அத அப்படியே வீட்டுக்குள்ள கொண்டு வந்தா பைபர் போட்டு பிரயோசனமில்ல, வெளியவே பிரிச்சு வெட்டிறணும், இல்லாட்டி உலோகமே இல்லாத கேபிளா கேட்டு வாங்கணும். கரண்ட் லைன் வழியா வர்ற இடி வேற, அதுக்கு மழை இருட்டிக்கிட்டு வர்றப்பவே, இடி கிட்ட வர்றதுக்கு முன்னாடியே ப்ளக்க கழட்டுறது தான்.

பண்டாரவளை_டீச்சர்

நானுஓயா சொன்னத நானும் அப்படியே சொல்றேன். பெரியப்பா வீட்டுல வைபைக்கு பழைய ரவுட்டர் ஒண்ணு பாவிக்கலாம், புதுசு வாங்க வேணாம். அதுல டிஎச்சிபிய (ஐபிய தானா குடுக்குற வேலை) ஓஃப் பண்ணுங்க, அதோட ஐபிய மாத்துங்க, வான் போர்ட்ல (இன்டர்நெட் லைன் வர்ற போர்ட்) குத்தாம லேன் போர்ட்ல குத்துங்க. டிஎச்சிபி ஓன்ல இருந்தா ரெண்டு ரவுட்டரும் போட்டி போட்டு ஐபி குடுக்கும், அப்பத்தான் கடைக்காரர் சொன்ன ஐபி பிரச்சினை உண்மையிலேயே வரும்.

டிக்கோயா_பையன்

ஜேக்க கழட்டி பார்த்தேன் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே நாலு வயர் தான் ஏத்தியிருக்கு, பிரவுனும் நீலமும் சுருட்டி உள்ள தள்ளியிருக்கு. எட்டையும் ஏத்திட்டேன், இப்ப 1000/1000 காட்டுது, பைல் 105, 108ல பறக்குது! சந்தோசம் தாங்கல. 8 போர்ட் எஸ்ஜி ஒண்ணு எடுக்குறேன். கரண்ட் போனா ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் இருக்கு, ஸ்விச்சையும் அதுலயே போடலாமா? பைபருக்கு பெரியப்பாகிட்ட பேசிட்டேன், பாதி காசு அவரு தாறாராம்.

தலவாக்கலை_வயரிங்

போடலாம், சின்ன ஸ்விச் ரெண்டு மூணு வொட்ஸ் தான் எடுக்கும். ஆனா வோல்டேஜ் பாருங்க, ரவுட்டர் 12 வோல்ட்டா இருக்கும், ஸ்விச் 5 இல்லாட்டி 9ஆ இருக்கும், அடப்டர்ல எழுதியிருக்குறத பார்த்து யூபிஎஸ்ல அதே வோல்ட் எடுக்குற ஓட்டையில போடுங்க, முனை சரியா உள்ள போகுதுங்கிறதுக்காக 12ல குத்திறாதீங்க, கருகிப் போகும். கன்வெர்ட்டர் வாங்குறப்போ ஒத்த பைபர்ல ஓடுறதுன்னா ஏ ஒண்ணு பி ஒண்ணுன்னு ஜோடியா கேளுங்க, ரெண்டும் ஏ-ன்னா லிங்க் லைட்டே வராது.