நகருக்குள் வரும் விரைவுச்சாலையை எதிர்ப்பது முறையா?

கேள்வி: எங்கள் குடியிருப்புகளின் நடுவே பெரும் செலவில் உயர்மட்ட விரைவுச்சாலை அமைக்கும் திட்டத்தை எதிர்ப்பதால், நாங்கள் வளர்ச்சிக்குத் தடையாக நிற்பதாகச் சிலர் குற்றம் சாட்டுகின்றனர். இத்தகைய எதிர்ப்பு எங்கேனும் பயன் தந்திருக்கிறதா?

பதில் 1: தந்திருக்கிறது. நியூயார்க்கில் பெரும் அதிகாரம் படைத்த நகரக் கட்டுமான அதிகாரி ராபர்ட் மோசஸ் முன்வைத்த கீழ் மன்ஹாட்டன் விரைவுச்சாலைத் திட்டத்தை நகரங்கள் பற்றி எழுதிய எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் உள்ளிட்ட பகுதிவாசிகள் 1960களில் விடாது எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. அதன் பாதையில் இருந்த சோஹோ பகுதியின் பழைய கட்டடங்கள் தப்பின.

பதில் 2: புதிய சாலை வந்ததும், அதுவரை பேருந்திலோ வேறு நேரத்திலோ சென்றவர்களும் காரில் வரத் தொடங்குவதால் நெரிசல் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. தென் கொரியாவின் சியோல் நகரமோ, சியோங்கியேசியோன் ஓடையின் மேலிருந்த உயர்மட்டச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் ஓடையையே மீட்டெடுத்தது.

பதில் 3: போக்குவரத்துக் கணிப்பையும் பராமரிப்புச் செலவையும் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.